பதினோராவது ஓட்டை

மொதல்ல எதையும் வாங்காதீங்க, மரகதக்கா.
என் பழைய கோட்டு இருக்கு, தோள்ல கொஞ்சம் இறுக்கும்.
கையுறை யாரோ கிளப்பில் விட்டுப்போனது,
இடது மட்டும் கிடக்கிறது. இடது மட்டும்தான் வேண்டும்.
ஐம்பது தோட்டா ஒரு டப்பா.
இப்போதைக்கு உங்க காசுக்கு வேறு வேலை இல்லை.

அவருக்கு நாற்பத்துநாலு, எனக்கு இருபத்தேழு.
பெதப்பம்பட்டிக் கொப்பரைக் களத்தில் எடை போடுகிறவர்.
ஞாயிறு ஆறரைக்கு உடுமலை ரேஞ்சில் மொபெட் வந்து நிற்கும்,
எனக்கு முன்னால், வாட்ச்மேனுக்கும் முன்னால்.

மூன்று ஞாயிறு தோட்டாவே தரவில்லை.
"வெறுந்துப்பாக்கிங்களா?"
ஆமாங்க. அறை காலியா, பாருங்க. மறுபடி பாருங்க.
குப்புறப் படுங்க. வாரைப் புஜத்தில் மாட்டுங்க.
கண்ணை மூடி, மூச்சை விட்டு, கண்ணைத் திறங்க.
வளையத்துக்குள்ள கறுப்பு உட்காரலையா?
கையால இழுக்காதீங்க, இடுப்பை நகத்துங்க.
இழுத்து வெச்சது, விசை விழற நேரத்துல
பழைய இடத்துக்கே ஓடிப்போயிரும்.

அசையாமல் கிடந்தார். பிறகு, தலை தூக்காமல்:
"தராசுங்க இது.
எண்ணு ஓடி ஓடி நிக்கும். நின்னாத்தான் சொல்லோணும்.
அவசரப்பட்டா நூறு கிராம் யாரு தலையிலயோ."
நான் ஆறு வருசமாகச் சுடுகிறேன்.
இப்படி ஒரு வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை.
இப்போது புதிதாய் வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்,
என்னுடையது போல.

நாலாம் ஞாயிறு தோட்டா.
விரல்நுனியில் மெழுகுப் பிசுக்கு.
இதன் நடுவில் தட்டினால் வெடிக்காது,
ஊசி பின்விளிம்பில் விழவேண்டும் என்றேன்.
"நடுவுல போய்ச் சேர ஓரத்துல அடிக்கோணுமா?"
சிரிப்பு அடங்கக் கால்மணி நேரம் ஆயிற்று.
அதுவரை சுட விடவில்லை.

காற்றைத்தான் சொல்லிக்கொடுக்க முடியவில்லை.
பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து
தென்னந்தோப்பை ஒரு தள்ளுத் தள்ளி
ஐம்பது மீட்டரில் மூன்று மனசு மாறும்.
கொடிக்குப் பதில் திருப்பூர்ப் பனியன் கழிவு கட்டியிருக்கிறோம்:
முதல் கம்பத்தில் ரோஸ் துணி படுத்திருக்க
கடைசிக் கம்பத்தில் பச்சை எதிர்ப்பக்கம் துடிக்கும்.
மண்மேட்டுக்கு அப்பால் காற்றாலைகள்
இரண்டையும் சட்டை செய்யாமல் சுற்றும்.
பத்து என்பது சட்டைப் பொத்தான் அகலம், அக்கா.
காத்திருங்க. அதுக்குத் தனி மார்க்கு இல்லை,
ஆனாலும் காத்திருங்க.

ஆடி இரண்டாம் ஞாயிறு, மாவட்டப் போட்டி.
ஏழாம் தடத்தில் அவர், எட்டில் நான்.
காத்திருந்தார். நான் சொன்னபடியே.
எழுந்து, வியர்வை துடைத்து, மறுபடி படுத்தார்.
பச்சை அடங்கியது. சுட்டார்.
என் அட்டையில்.

எனக்குத் தெரியவே தெரியாது.
நடுவர் வருமுன் அவரே கை தூக்கியிருந்தார்:
"எட்டாம் நம்பர்ல ஒண்ணு என்னுதுங்க.
எடை மாத்திப் போட்டுட்டேன்."

என் அட்டையில் பதினொரு ஓட்டை.
எது யாருடையது என்று பிரிக்க முடியாவிட்டால்
உயர்ந்த பத்து எனக்கு. விதி அப்படி.
என் வெட்கங்கெட்ட எட்டு ஒன்று
கணக்கிலிருந்து காணாமல் போனது.
அவருக்கு அந்தக் குண்டுக்கு சுழி.

சாப்பாட்டு நேரத்தில் அட்டையை வெயிலில் பிடித்து
"எதுங்க என்னுது?" என்றார்.
நடுவில் மூன்று ஒன்றாய்க் கிழிந்த இடம்
அவருடையதாக இருக்கலாம்.
அந்த எட்டும் இருக்கலாம்.
நடுவில் விரல் வைக்க நினைத்தேன், வைக்கவில்லை.
எடை போடுகிறவரிடம் எப்படி வைப்பது?
தெரியலீங்க, என்றேன்.

"சரி, மொய்யின்னு எழுதி வெச்சுக்கங்.
திருப்பிச் செய்யோணும்."

கடைசியிலிருந்து மூன்றாம் இடம்.
கோட்டைக் கழற்றி மடிக்கப் பார்த்தார்.
கித்தானும் தோலும், அது மடியாது.
கொப்பரை வாசத்தோடு விரிப்பின்மேல்
ஆள் இல்லாமலே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.