இரண்டு புள்ளி குறைகிறது

திங்கட்சந்தைக்கு எதிர்ச்சாரி
நட்டு போல்ட்டுக் கடைக் கதவில்
நான் ஒட்டிய தாள்:
'வீட்டில் சிஎன்சி மெஷின் வைத்திருப்போர்,
வைக்க நினைப்போர்,
வைத்துவிட்டு வீட்டாரிடம் திட்டு வாங்குவோர்
ஞாயிறு நான்கு மணிக்கு வரவும்.
கழனிவாசல், ஓடாத மாவு மில்.
மும்முனை மின்சாரம் உண்டு.'

கடைசி வரிக்காகத்தான்
பாதிப் பேர் வந்தார்களாம்.
பாதி என்றால் இரண்டரை.

சேவியர், ரயில்வே சிக்னல் பிரிவு.
சட்டம் மோட்டார் எல்லாம் தானே சேர்த்தவர்.
குறுக்கு அச்சு அரை மில்லி ஆடுகிறது என்பதைப்
பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை
என்பதுபோல் சொன்னார்.

உமையாள், பள்ளத்தூரில் பலகாரக் கம்பெனி.
முறுக்கு அச்சு வெட்ட வாங்கிய மெஷினில்
முதல் வாரமே
அச்சோடு சேர்த்துச் சாப்பாட்டு மேசையையும் வெட்டியவர்.
மேசை இன்னும் அப்படியே இருக்கிறது,
ரசம் வைத்தால் அந்தக் கோட்டில் ஓடுகிறது.

ஜியாவுதீனிடம் மெஷின் இல்லை.
மூன்று வருடமாக வாங்கப்போகிறார்.
எந்த மாடலைக் கேட்டாலும்
விலை, வரி, லாரி வாடகை
பைசா சுத்தமாய் வரும்.

இனியவன் யாரோடும் பேசவில்லை.
கோட்டையூரிலிருந்து டவுன் பஸ்ஸில்
மெஷினை மடியில் வைத்து வந்திருந்தான்,
அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்து.

ஐந்தாவது நான்.
பதிவாளர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளன்.
'சங்கம் என்றால் சட்டப்படி ஏழு பேர் வேண்டும்'
என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.
ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முதல் சண்டை, பூஜ்யம் எங்கே என்று.
இடது கீழ் மூலை என்றார் சேவியர்.
பலகையின் நட்ட நடுவில் என்றார் உமையாள்.
உயரத்துக்கு மேல்முகமா அடிமுகமா என்று
இனியவன் அப்போதுதான் வாய் திறந்தான்.
அரைமணி நேரம் மூடவில்லை.
சந்தா எவ்வளவு என்று பேசவே முடியவில்லை.

சரி, பெயர்ப் பலகையாவது வெட்டுவோம் என்று
வேப்பம்பலகையை இறுக்கினோம்.
ஆறு மில்லி பிட்.
மில்லுக்குள் பழைய மாவோடு புதுத் தூள் கலந்தது,
ஜியாவுதீன் நான்கு முறை தும்மினார்.
ஊதிப் பார்த்தால்
'சஙகம'.

புள்ளி சிறிது, பிட் பெரிது,
நுழையாத இடத்தை மெஷின்
மரியாதையாக விட்டுவிட்டது.
புள்ளியில்லாத மெய்யில்
அகரம் ஏறி உட்கார்ந்துகொள்ளும்
என்று ஐந்தாம் வகுப்பில் படித்தது
இப்போதுதான் கண்ணெதிரே நடந்தது.
ஒரு மில்லி பிட் யாரிடமும் இல்லை.
இருந்த ஒன்றைச் சேவியர்
சென்ற மாதமே உடைத்திருந்தார்.

அப்போது மாடியிலிருந்து
ஒருவர் இறங்கி வந்தார்,
கையில் பல்லோடு.
மேலே பல் செட் கட்டும் லேப் இருப்பது
எங்களில் ஒருவருக்கும் தெரியாது.
'நாளைக்குக் கல்யாணம், மாப்பிள்ளையோட சித்தப்பாவுக்கு
முன்பல் நாலு,
நீங்க ஆட்டுற ஆட்டத்துல
மெழுகு மூணு தடவை விரிஞ்சுபோச்சு!'

பூமயில் என்று பெயர்.
திட்டி முடித்து மூச்சு வாங்குகையில்
பலகையைப் பார்த்தார்.
'இது என்ன, சஙகம?'

சொன்னோம்.
ஒன்றும் பேசாமல் மேலே போய்
பல்லைக் குடையும் பிட் ஒன்றைக் கொண்டுவந்தார்,
காம்பு இரண்டே கால் மில்லிக்குக் கொஞ்சம் கூட.
அதைப் பிடிக்கும் கோலட்
சேவியரின் டிபன் பாக்ஸில் இருந்தது.
ஏன் டிபன் பாக்ஸில் என்று
யாரும் கேட்கவில்லை.

'மெதுவா இறக்குங்க,
கூசும்.'
மரத்துக்கா என்று இனியவன் சிரித்தான்.
மெதுவாகத்தான் இறக்கினான்.
ஙகரத்தின் தலையில் ஒன்று.
மகரத்தின் தலையில் ஒன்று.

படிவத்தில் ஆறாவது கையெழுத்து பூமயில்.
நிபந்தனை: கல்யாண முகூர்த்தத்துக்கு முந்தின நாள்
மெஷின் ஓடக்கூடாது.
விதி எண் ஒன்று என்று எழுதிக்கொண்டேன்.
பூஜ்யம் இன்னும் முடிவாகவில்லை.

செவ்வாயன்று கடைப் பக்கம் போனேன்.
தாளில் 'மும்முனை மின்சாரம் உண்டு' என்பதற்குக் கீழே
யாரோ பென்சிலால் கேட்டிருந்தார்கள்:
'டீ?'

கடைக்காரரிடம் பேனா வாங்கி
'உண்டு' என்று எழுதிவிட்டு வந்தேன்.