நகரியில் ஒரு திறப்பு விழா

திருத்தணி தாண்டி செக்போஸ்ட்டில்
சிவப்புப் பெட்டியைத் தட்டி
"ஏமுந்தி?" என்றார்.
புகை சார்.
"பொகா?"
ஆமாம் சார், பொகதான்.
திறக்கச் சொன்னார். திறந்தேன்.
ஒரு மெஷின், ஒரு கேன் திரவம்.
ஸ்விட்ச் போட்டால்தான் வரும் என்றேன்.
ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே கம்பத்தடியில்
ஜன்னலுக்குள் தலையை நுழைத்து
செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.
யாரும் பெட்டியைப் பார்க்கவில்லை.

குழுவின் பெயர் அஞ்சாம் கியர்.
நான் போஸ்டரில் இல்லாதவன்,
லேப்டாப்பில் டிராக் ஓட்டுகிறவன்.

அரக்கோணத்தில் கிளமென்ட்
பழைய ஞாபகத்தில் ஸ்பீக்கர் மேலிருந்து குதித்தான்.
முப்பத்திரண்டு வயசுக் கணுக்கால்.
அதனால் காலையிலேயே நகரியைக் கடந்து
புத்தூர் போய்க் கட்டுப்போட்டு வந்தோம்:
பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் தப்பை.
கட்டியவர் கேட்டார், என்ன வேலை?
டான்ஸ், என்றான்.
இருபத்தோரு நாள் கழித்து ஆடு, என்றார்.
வியாழக்கிழமை சித்தூரில் புரோகிராம்.

சாயங்காலம் ஜவுளிக்கடை வாசல்.
டிராக்டர் டிரெய்லர் இரண்டை ஒட்டிப் போட்ட மேடை.
பின்தெருவில் விசைத்தறி
எங்கள் டிரம்ஸை விட ஒழுங்காகத் தாளம் போட்டது.
தெலுங்கு போஸ்டரில் ஐந்து பேரும் இருந்தார்கள்.
நித்திலன் முகத்தின் மேல் மட்டும் வட்டமாக ஒரு ஸ்டிக்கர்,
இருபது சதவீதம் தள்ளுபடி.

நித்திலன் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது.
ஓசூரில் டூவீலர் லோன் கொடுக்கிறான்.
போன மாசம் கூப்பிட்டு,
என் குரலை அழித்துவிடு மச்சான், என்றான்.
அழித்துவிட்டேன் என்றேன்.
அழித்தால் அந்த சிக்னல் பாட்டில்
"பச்சை விழுந்தாலும் நகராதே" என்று
யார் பாடுவது?
எல்லா ஊரிலும் அந்த இடத்தில்
ஷாஹுல் கூட்டத்துக்கு முதுகு காட்டித் திரும்புவான்,
நித்திலன் என் ஹார்ட் டிஸ்கிலிருந்து பாடுவான்.
யாரும் கண்டுபிடித்ததில்லை.
கண்டுபிடிக்கிற அளவுக்கு யாரும் கவனிக்கவில்லை
என்றும் சொல்லலாம்.

சிக்னல் பாட்டின் நடுவில் கரண்ட் போனது.

தறிகள் நின்றன, விளக்குகள் நின்றன.
ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கிளமென்ட்
மைக் செத்தது தெரியாமல் பாடிக்கொண்டே இருந்தான்.
மற்ற மூவரும் சேர்ந்துகொண்டார்கள்.
வெறும் தொண்டை.
பாரிவேளுக்கு இவ்வளவு கட்டைக் குரல் என்று
பத்து வருஷமாக எனக்கே தெரியாது.
டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை நிறுத்தினார்.
லேப்டாப்புக்கு பேட்டரி உண்டு.
என் ஹெட்போனுக்குள் டிராக் ஓடிக்கொண்டே இருந்தது.
ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

அந்த வரி வந்தது.
மூடிய காதில் நித்திலன்,
சரியான நேரத்தில், கொஞ்சம்கூடப் பிசகாமல்.
திறந்த காதில் ஒன்றுமில்லை.
நீ பாடுவாய் என்று ஷாஹுல் சேரனைப் பார்க்க,
சேரன் பாரிவேளைப் பார்க்க,
பாரிவேள் கட்டுப்போட்ட காலைப் பார்க்க,
எட்டு எண்ணிக்கை.
எங்கேயோ ஒரு மோட்டார் பைக் உதைத்தது, கிளம்பவில்லை.

பாட்டு முடிந்துவிட்டது என்று
ஜனம் கை தட்டியது.
நிஜமாகவே நன்றாகத் தட்டியது.
நால்வரும் குனிந்து கும்பிட்டார்கள்.

குனிந்தபடி இருக்கும்போதே கரண்ட் வந்தது.
கடைசிச் சரணத்தை
ஐந்து பேரும் முழு வால்யூமில் பாடினார்கள்,
மேடையில் நாலு மூடிய வாய்.
ஸ்விட்ச் போட்டே இருந்ததால்
புகையும் வந்தது.
நான் எதை நிறுத்துவது என்று தெரியாமல்
எதையும் நிறுத்தவில்லை.
முன்வரிசையில் ஒரு பையன் மட்டும்
தன் அப்பாவிடம் ஏதோ தெலுங்கில் கேட்டான்.
அவர் தலையில் தட்டினார், லேசாக.

முதலாளி பேசியதில் பாதி பணமாகக் கொடுத்தார்.
மீதிக்கு லுங்கி.
போஸ்டரைப் பார்த்து எண்ணிக் கட்டியிருந்தார்கள்,
ஐந்து.

வண்டியில் நாலு பேரும் உடனே மாற்றிக்கொண்டார்கள்.
கிளமென்ட்டுக்குக் கட்டின் மேல் ஏற்ற
இரண்டு பேர் தேவைப்பட்டது. சிரித்தார்கள்.
ஐந்தாவதை, நீலக் கட்டம் போட்டது,
லேப்டாப்பின் மேல் போர்த்தினேன்.
சித்தூர் வரைக்கும் ரோடு வேலை,
ஒரே தூசி.