வெள்ளைக் கரடு

ஏழாவது வளைவில் வாந்தியெடுத்தான் அன்செல்ம்.
ஆல்ப்ஸில் பிறந்தவனாம்.
கண்டக்டர் பழைய பேப்பர் ஒன்றை நீட்டி
"துரைக்கு எந்த ஊரு?" என்றார்.
லியோபன் என்றேன்.
"கோயமுத்தூர் தாண்டியா?"
ஆமாம், கொஞ்சம் தாண்டி.

மிரேலா ஜன்னலோரம்.
இரண்டு வருடம் ஒரே சமையலறை எங்களுக்கு,
ஒரே குக்கர்.
அது என்னுடையது.
முதல் விசிலுக்கு மேஜைக்கடியில் ஒளிந்தவள்
பிறகு விசில் எண்ணக் கற்றுக்கொண்டாள்
தமிழில், மூன்று வரைக்கும்.

சில்வர் ஓக் மரங்கள் ஒரு நொடி விலக
கீழே வெயிலில் வெள்ளையாய்க் கிடந்தது ஏதோ.
"பனியா?" என்றாள்
சேலத்தில் நூறு டிகிரி தாண்டிய மத்தியானத்தில்.

வெள்ளைக்கல், என்றேன். மாக்னசைட்.
ஆய்வகத்தில் சுட்டுச் சுட்டு உடைத்துப் பார்த்தோமே
அந்தச் செங்கலுக்கு மூலம்.
அப்பா அங்கேதான் லாரிக்குக் கணக்கெழுதினார்.
சுரங்கத்து கேட்டுக்கு முன் பந்தல் போட்டு
அவர்கள் உட்கார்ந்திருந்த
நாற்பத்தோராம் நாள் நான் பிறந்தேன்.
வேறு பேர் யோசிக்க யாருக்கும் நேரமில்லை.

செங்கொடி.

ஒரு ஜனவரி இரவு
எல்லைக் காவலன் டார்ச் அடித்து
அதை எழுத்துக்கூட்டினான்.
பதினோரு நாள், ஐந்து நாடு சுற்றிவிட்டு
லுப்லியானாவிலிருந்து திரும்பும் பேருந்து.
வெனிஸில் மழை, புதாபெஸ்டில் காய்ச்சல்,
ப்ராக்கில் என் பருப்புப்பொடி தீர்ந்தது.
ஞாபகத்தில் பாதி ஸ்டேஷன் பெஞ்சுகள்தான்.

மற்றவர் அட்டைகளுக்குத் தலையசைத்தான்.
என்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
பேருக்கு என்ன அர்த்தம் என்றான்.
சொல்லாதே, என்று கண்ணைக் காட்டினாள் மிரேலா.
சொன்னேன்.
பேருந்தே சிரித்தது.
அவன் சிரிக்கவில்லை.

கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே நாற்பது நிமிடம்.
கிளம்பிவிடுவேன் என்று டிரைவர் கத்தக் கத்த
லேஸ் கட்டாத ஷூவோடு இறங்கி
ஒரு காலைப் பனியிலும்
ஒரு காலைக் கதவிலும் வைத்து நின்றாள்.
அன்செல்ம் தூங்கிக்கொண்டிருந்தான்.
இன்றுவரை நான் அதைச் சொல்லிக்காட்டியதில்லை.

திரும்பி ஏறி உட்கார்ந்ததும்
நடுக்கம் நிற்காத வாயால் அளந்துவிட்டேன்:
எங்கள் ஊரிலும் மலை உண்டு,
மேலே பெரிய ஏரி உண்டு,
வந்து பார், உன்னை ஒருவரும்
ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

ஏற்காட்டு லாட்ஜில் மானேஜர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"ஃபாரினரா? பாஸ்போர்ட், விசா பக்கம்,
ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ்.
சி படிவம் போடாம ரூம் தரமுடியாது."
கரண்ட் இல்லை.
நாலு மணிக்கு வருமாம்.
"உங்களுக்கு ஒண்ணும் வேணாம்மா,
ஆதார் போதும்.
நீங்க மேல போய்ப் படுங்க."

நான் போகவில்லை.
பை மேல் உட்கார்ந்தேன்.

பேனாவால் நிரப்ப ஆரம்பித்தார் அவர்.
பிறந்த ஊர். வந்த தேதி. போகும் தேதி.
"அப்பா பேரு?"
மொழிபெயர்த்தேன்.
மிரேலா கவுண்டர் மேலிருந்த
மணியை இரண்டு முறை தட்டினாள், தெரியாமல் தட்டியதுபோல.
"ஸ்லாவ்கோ" என்றாள்.

இரண்டு வருடச் சமையலறையில்
ஒருநாளும் நான் கேட்டிராத பேர்.
இருக்கிறாரா என்று கேட்கப்
படிவத்தில் கட்டமில்லை.
மானேஜர் "ஸ்லா" வரைக்கும் எழுதிவிட்டு
என்னைப் பார்த்தார்.
ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்,
தப்பு வராமல்.

வெளியே படிக்கட்டில் அன்செல்ம்
ஐந்து ரோட்டில் வாங்கிய தட்டுவடை செட்டைப் பிரித்து
பீட்ரூட்டை மட்டும் தனியே எடுத்துத் தின்றான்.
முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.
நாலரை ஆகியும் கரண்ட் வரவில்லை.

மிரேலா வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தாள்.
எதிரே மிதிபடகுகள் இரண்டு
மோதிக்கொண்டு விலகின.
"இதுவா நீ சொன்ன ஏரி?"
இதுதான்.
"சின்னதாக இருக்கிறதே."
ஆமாம், என்றேன்.