நானூற்றுப் பன்னிரண்டாம் வரி

மேடைக்கு மேலே ஒரு கறுப்புப் பட்டை,
அதில் வெள்ளை எழுத்து.
பாடுவது இத்தாலியன், படிப்பது டச்சு,
நடுவில் நான்:
பின்சுவரில் புறாக்கூண்டு போலொரு கண்ணாடி அறை,
பொத்தான்மேல் ஒரு விரல்.
ஓர் இரவுக்கு எழுநூற்று முப்பது தட்டல்.
ஆண்ட்வெர்ப்பில் யாருக்கும் என் முகம் தெரியாது.
தெரிந்துவிட்டால்
வேலையில் ஏதோ பிழை என்று பொருள்.

தீவைப் பிடித்த தளபதியின் கதை.
கப்பல், காதலி, விஷம், நிலா.
கைதிகளாக நிற்கும் கோரஸ்காரர்களுக்கு
முன்பெல்லாம் முகத்தில் மை பூசுவார்கள்.
மூன்று ஆண்டுக்கு முன் நிறுத்தினோம்.
கூட்டம் போட்டோம், அறிக்கை விட்டோம்,
கேக்கூட வெட்டினோம்.
மை டப்பாக்கள் குப்பைவண்டி ஏறின.
நான் பூசி மெழுகியது மட்டும்
அங்கேயே இருந்தது,
எல்லார் தலைக்கும் மேலே.

நானூற்றுப் பன்னிரண்டில் வீரர்கள் முழங்குவார்கள்:
"கறுத்த விலங்குகளே, மண்டியிடுங்கள்!"
நான் எழுதியிருந்தது:
"தீவின் மக்களே, பணியுங்கள்."
பதினோரு ஆண்டாக அதே வரி.
நல்ல எண்ணம்தான்.
நூறு யூரோ கொடுத்து, ஈரக் கோட்டைக் கழற்றிவிட்டு
வந்து உட்கார்ந்தவர்களுக்கு
எதுவும் உறுத்தக் கூடாது.

டியூமெர்சி லுகோக்கி, வீரர்களில் மூன்றாம் வரிசை, கீழ்க்குரல்.
பிறந்தது இதே ஊரில், நதிக்கரை ஆஸ்பத்திரியில்.
ஆனாலும் டிராமில் பரிசோதகர் ஏறினால்
முதல் டிக்கெட் அவருடையதுதான்.
இடைவேளையில் என் கதவைத் தட்டினார்,
கையில் இயந்திரக் காப்பி,
கழுத்தில் அட்டைக் கவசம்.
"லீவே, நான் அதைப் பாடும்போது
மேலே என்ன போடுகிறீர்கள்?"

சொன்னேன்.
சிரிக்கப் போனவர் காப்பியைப் பார்த்தார்.
"அப்படியானால்
அது என் வாயில் இருக்கிறது,
அவர்கள் கண்ணில் இல்லை."
கோப்பையை என் மேசைமேல் மறந்து வைத்துவிட்டுப் போனார்.
அடுத்த அங்கம் முழுக்க
அது ஆடை கட்டிக் குளிர்ந்தது.

கடைசிக் காட்சியன்று யாரையும் கேட்கவில்லை.
ஆறு மணிக்கே வந்து
ஒரு வரியைத் திருத்தினேன்.
அகராதியைத் தொடவில்லை,
அந்தச் சொல் எங்கள் மொழியில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

நானூற்றுப் பதினொன்று. கத்தி உயர்ந்தது.
தட்டினேன்.

எங்கோ ஒரு கையேடு விழுந்தது.
பால்கனியில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மீண்டும் மாட்டிப் படித்தார்.
இருமல். இன்னோர் இருமல்.
ஆனால் இசை?
அது எதுவும் தெரியாததுபோல் ஏறிக்கொண்டே போனது,
வயலின்கள் ஒரே மூச்சாய் எழுந்தன,
என் முன்கையில் மயிர் சிலிர்த்தது,
எப்போதும் சிலிர்க்கும் அதே இடத்தில்.
அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை,
இசையையா என்னையா தெரியாது.
லுகோக்கி மேலே பார்க்கவில்லை.
பார்க்க அவருக்கு என்ன இருக்கிறது?

நானூற்றுப் பதின்மூன்று, காதலி நிலாவைப் பாடும் வரி.
பாடினாள். விரல் அசையவில்லை.
முதல் நிலாவுக்கும் இரண்டாம் நிலாவுக்கும் மேலே
அந்தச் சொல் தொங்கிக்கொண்டே இருந்தது,
பதினொரு வினாடி.

திங்கட்கிழமை விசாரித்தார்கள்.
வந்த புகார்கள் நாற்பது,
எதிலும் மூல வரியைப் பற்றிப் பேச்சில்லை.
"கை தவறிவிட்டது" என்று
எழுதிக் கொடுத்துக் கையெழுத்திட்டேன்.

மெத்தென்ற மொழிபெயர்ப்பு
அதுவும்.