பாதி டேங்க்

ராத்திரி பன்னிரண்டு அடித்தால் அந்தப் பக்கம்
டீசல் ரெண்டு ரூபாய் கூடும் என்று டிவியில் சொன்ன நாள்.
களியக்காவிளையில் நம்ம பக்கத்துக் கடைசி பங்கிலிருந்து
கே.எல். நம்பர் வண்டிகள் படந்தாலுமூடு வரை நின்றன.
ஒருவன் பெயின்ட் வாளியோடு வந்திருந்தான்.
ஒரு பாதிரியார் ஸ்கூட்டரில்,
ஹெல்மெட்டுக்குள் எதையோ முனகிக்கொண்டு.

எனக்கு நேரமில்லை.
பின்சீட்டில் புஷ்பலீலா அக்கா. மணி பத்தேமுக்கால்.
மூணு பத்துக்கு ஷார்ஜா விமானம்.
பாதி டேங்க் இருக்கிறது, போதும் என்றது முள்.
என் வண்டி முள் கொஞ்சம் முகஸ்துதி பேசும்.

எல்லை தாண்டினோம்.
ஏழு நாள் பெர்மிட்டுக்கு போனிலேயே கட்டியாயிற்று.
நான் அங்கே இருக்கப்போவது
ஏழு மணி நேரம்.

ஏசி போடட்டுமா என்று நான் கேட்கவில்லை.
அவளும் கேட்கவில்லை.
கண்ணாடியை இறக்கிவிட்டு
மடியில் டிக்கெட்டை விரித்தாள்.
"டிக்கெட் ஒம்பதாயிரத்து நானூறு, செரி.
அதுக்குக் கீழ இதெல்லாம் என்னதுடே?"

பாறசாலை நெரிசலில் விளக்கைப் போட்டு வாசித்தேன்.
எழும்பும் தோலுமாய்ச் சின்னச் சின்ன எழுத்து,
ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு தொகை.
பாதுகாப்பு. சேவை. பயன்பாட்டுக் கட்டணம்.
கடைசியில் உள்ளது
போன தடவையைவிட ரெண்டு மடங்கு.

"நான் என்னத்தடே பயன்படுத்துனேன்?
ஒரு நாற்காலி. ஒரு கக்கூஸ்.
தண்ணி குடிக்க ஒரு குழாய்,
அமுக்குனா மூக்குல அடிக்கும்.
ரோட்டுக்கு வரி வாங்குனா குழியாவது உண்டு.
ஆகாசத்துல குழி உண்டா?"

உண்டுக்கா, மேகத்துக்குள்ள குலுங்குமாமே என்றேன்.
நான் ஏறினதில்லை.
பதினாறு வருஷமாய்
வாசல்வரை கொண்டுபோய் விடுகிறேன்.
அவள் சிரித்து முடிக்கையில்
நெய்யாற்றின்கரை போய்விட்டிருந்தது.

பாலராமபுரத்தில் மெல்லத் தொடங்கினேன்:
வாடகை பேசினது பட்ஜெட்டுக்கு முந்தின வாரமில்லியா,
ஒரு இருநூறு ரூவா...
"அங்க கூட்டுன வரிக்கு எனக்கிட்டயா கேக்க?
டீசல் நம்ம பக்கத்துல ஊத்துனதுதானே."
அது செரி. திரும்பி வர இங்க ஊத்தணும்லா.
"திரும்பி வாறது நானில்லியே."

பிறகு சாக்கை வரும்வரை
காற்று மட்டும் பேசியது.

இறக்கிவிடப் பத்து நிமிஷம் இலவசம்.
பதினோராம் நிமிஷத்துக்குக் காசு.
கைத்தராசில் பெட்டியைத் தூக்கினேன்.
ஒண்ணரைக் கிலோ கூடுதல்.
அதற்கும் அவர்கள் ஒரு விலை வைத்திருக்கிறார்கள்.
அக்கா குத்தவைத்துப் பெட்டியைத் திறந்தாள்.
கருப்பட்டியைத் தொட்டாள், விட்டாள்.
மருந்துச் சீட்டு, நைட்டி, முறுக்கு டப்பா.
எட்டாம் நிமிஷம்
நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தை என் கையில் திணித்தாள்.
"இருநூறுக்கு மேலயே வரும். வச்சுக்க."
திரும்பிப் பார்க்காமல் தள்ளுவண்டியோடு போனாள்.
அதன் ஒரு சக்கரம் மட்டும் வேறெங்கோ போகப் பார்த்தது.

நாலரை வரை வெளியே கிடந்தேன்.
மார்த்தாண்டம் போக ஒரு ஆள் கிடைக்கவில்லை.

திரும்பும்போது முள் உண்மை பேசத் தொடங்கியிருந்தது.
பாறசாலை பங்கில் புதுவிலை பளபளத்தது.
ஆள் இல்லை, வரிசை இல்லை.
நிறுத்தாமல் கடந்தேன்.
இறக்கத்தில் நியூட்ரல்.
வண்டி முழுக்கக் கருவாட்டு வாசம்.
தலைக்கு மேல் ஒன்று போனது,
அவளுடையதாய் இராது.
எல்லை தெரிகிறபோது ஒரு இருமல், ரெண்டு இருமல்,
கடைசி முப்பதடி நானே தள்ளினேன்.

பங்கில் அனிஷ் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான்.
எழுப்பினேன்.
"ஒரு நிமிசம் பொறுங்கண்ணே,
ஆறு மணி ஆவுது, விலை மாறும்."
ஏறுமா, இறங்குமா?
"நம்ம பக்கத்துக்கும் ஏதோ சொன்னாங்க.
ராத்திரி டிவி பாக்கல."

போர்டில் எண்கள் அணைந்தன.
குழாயை அவனும் சாவியை நானும்
கையில் பிடித்தபடி
ஒன்றுமே எழுதாத அந்தப் பலகையைப் பார்த்து நின்றோம்.