தூசி

வியாழக்கிழமை, எட்டு மணி.
புன்டா அரேனாஸில் டிசம்பர் மாதச் சூரியன்
பத்து மணிவரை வீட்டுக்குப் போவதில்லை.
தீயணைப்பு நிலையத்து மாடியில்
பிங்-பாங் மேசையின் வலையைக் கழற்றிவிட்டு
எங்கள் படங்களைப் பரப்புகிறோம்.
ஏழு பேர். சில வாரம் ஐந்து.
படம் எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது,
இருக்கிற ஒரே சட்டம் அதுதான்,
பிஸ்கட் வாங்கிவருவதைத் தவிர.

எலியோதோரோவுக்கு இறைச்சிக் கடை.
எந்தப் படத்தையும் கத்தியோடுதான் பார்ப்பார்.
"வானத்தில் கொழுப்பு ஏறிக் கிடக்கு.
மேலே மூணு விரல் சீவு."
யெர்கோ கார் ஓட்டப் பழக்குகிறவர்.
சட்டைப் பையில் சின்ன ரசமட்டம்.
அடிவானத்தின் மேல் அதை வைத்து
குமிழி நிற்கும்வரை மூச்சடக்குவார்.
"இடப்பக்கம் சரியுது."
ஒருமுறை பொறுக்காமல் சொல்லிவிட்டேன்:
தெருவில் கயிறு கட்டி
அதைப் பிடித்துக்கொண்டு நாம் நடக்கிற ஊரில்
நேராக நிற்கும் படம்தான் பொய்.
அது என் படம் என்று
அப்போது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

இன்று மூன்றாவதாக ஒரு படம்.
யாருடையதென்று தெரியாது, அப்படித்தான் பாவனை.
நெவென்காவின் விரல்கள் மட்டும்
ஒரு பிஸ்கட்டைப் பொடியாக்கிக்கொண்டிருந்தன.
நீரிணைக் கரை. இடிந்த துறையின் மரத்தூண்கள்.
தூணுக்கொரு நீர்க்காகம்.
பின்புறம் பென்சிலில்: ஒருவருமில்லை.

அமைதியாகப் பார்த்தோம்.
நல்ல சாம்பல் நிறம், என்றார் மார்செலினா;
பல் எக்ஸ்ரே எடுப்பவர், சாம்பலில் நம்பலாம்.
வலது மூலையில்தான் தகராறு.
ஒரு மஞ்சள் புள்ளி.
"பிளாஸ்டிக் பை. காத்துல வந்திருக்கும்."
"எதுவானாலும் கண்ணைக் குத்துது."
"வெட்டினா படம் பிழைக்கும்."

அது என் மழைக்கோட்டு.
முக்காலியின் கால் மணலில் புதையாமலிருக்க
நான் குந்தியிருக்கிறேன், பையைப் போல.
என் படம் இல்லையே, பேசியிருக்கலாம்.
கை தூக்கச் சொன்னார்கள்.
வெட்டலாம் என்று ஐந்து கை.
ஐந்தாவது என்னுடையது.

வீட்டில், குளியலறைச் சிவப்பு விளக்கில்,
அதே ஞாயிற்றுக்கிழமையின் நெகட்டிவ்வை எடுத்தேன்.
அதே துறை, அதே நீர்க்காகங்கள், எதிர்ப்பக்கத்திலிருந்து.
போன வாரம் இந்தப் படத்துக்குத்தான்
"என்ன ஒரு வெறுமை!" என்று கிடைத்தது.
சொன்னவர் நெவென்கா.
பிரதியின் இடது ஓரத்தில் ஒரு வெள்ளைத் துகள் இருந்தது.
தூசி என்று நினைத்து
ஒற்றை மயிர்த் தூரிகையால்
சாம்பல் தொட்டு மூடியிருந்தேன்,
அரைமணி நேரம், நாக்கைக் கடித்துக்கொண்டு.

இப்போது பூதக்கண்ணாடியை வைத்தேன்.
தூசிக்கு இரண்டு கால் இருந்தது.
முகத்துக்கு உயர்த்திய முழங்கை இருந்தது.
வெள்ளைக் கம்பளித் தொப்பி.

முந்நூறு அடி இருக்கும் எங்களுக்கு நடுவில்.
காற்று அன்றைக்கு
கத்தினாலும் கேட்காத காற்று.
கத்த வேண்டுமென்று யாருக்குத் தோன்றியது?
இருவரும் பல்லைக் கடித்து,
விரல் விறைக்க,
யாருமற்ற ஒரு கரையை
எடுத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த வியாழன்
தூரிகை படாத பிரதியை மேசையில் வைத்தேன்.
பிஸ்கட்டும் என் முறை.
"இடது ஓரம் பாரு, தூசி" என்றார் எலியோதோரோ.
"சோம்பேறி. துடைக்கக்கூட இல்லை."
யெர்கோ ரசமட்டத்தைத் தேடினார்.
நான் வாய் திறக்க முடியாது.

நெவென்கா கண்ணாடியை மாட்டிக் குனிந்தார்.
வெகுநேரம் குனிந்திருந்தார்.
கீழே யாரோ வண்டி கழுவும் ஓசை,
தண்ணீர் நின்ற பின்னும் குனிந்திருந்தார்.
பிறகு தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி
படத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு,
"அடிவானம் சரியுது" என்றார்.
"மத்தபடி
எதையும் தொடாதீங்க."