ஒலியில்லா விவாதம்

லீக் ஆட்டம் முடியும்வரை
மார்ஜீன் ரிமோட்டைத் தரமாட்டாள்.
ஒஹாயோவில், பந்துருட்டும் கூடத்து பாரில்,
சண்டை எழுத்தாகத்தான் ஓடுகிறது.

அறுபத்திரண்டு நாடு போய்வந்தேன் என்கிறார் செனட்டர்.
விமான நிலையங்களை எண்ணினீர்களா என்கிறார் கவர்னர்.

ராஸ்கோவுக்குப் பகலெல்லாம் டாங்கி உடலில் வெல்டிங்.
ராணுவ பட்ஜெட் ஏறினால் ஓவர்டைம்,
ஓவர்டைம் வந்தால் ஒழுகும் கூரைக்கு விமோசனம்.
குறைப்பேன் என்றவருக்குத்தான்
போன தடவை ஓட்டுப் போட்டான்.
வீட்டில் சொல்லவில்லை.
"அனுபவம்னா என்னய்யா அது?" என்கிறான்,
வறுத்த உருளைக்கிழங்கைக் கெச்சப்பில் அமுக்கி.

லியோனா பார்த்த வெளிநாடு ஒன்றே ஒன்று,
அதிலும் ஒரே சாலை, பதினோரு மாதம்.
தேநீர் தந்த கடைக்காரன் பேர் நினைவிருக்கிறதாம்,
ஊர்ப் பேர்தான் நாக்கில் நிற்பதில்லை.
அவளை யாரும் கேட்கவுமில்லை.
ஷூ வாரை இறுக்கிக்கொண்டு எழுந்தாள்.

வாய் மூடியும் நிற்காமல்
பில்லியன் பில்லியன் என்று
பின்தங்கி வருகிறது வாசகம்.

பத்துக் கட்டையும் சாய்ந்தன.
கூடமே எழுந்து கை தட்டியது, நானும்.
தலைக்கு மேல் திரையில் அந்நேரம்
'தயங்காமல் படை அனுப்புவேன்.'
திரும்பிய லியோனா
முதலில் அதை வாசித்தாள்,
பிறகு எங்களை.